ஆன், இன், அட், ஃபார்: ஆங்கில வாக்கியத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். கூரியர் ஆபீஸ், கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ், மொத்தக் கடைக் கணக்கு என்று மும்பையின் பல மூலைகளில் வேலை செய்கிறவர்கள். எனக்கும் வார நாட்களில் அதே பிழைப்புதான்: நவா ஷேவா துறைமுகம் வழியாகப் போகும் சரக்குக்கு மெயில் எழுதுவது. அந்த அறையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "அண்ணே, இங்க 'ஆன்' வருமா வராதா?"

தடுமாறுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வேண்டாத இடத்தில் ப்ரெபொசிஷனை (ஆன், இன், அட், ஃபார் மாதிரிக் குட்டிச் சொல்லை) ஒட்டுகிறவர், வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறவர். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே ஆள்தான், அதுவும் ஒரே மெயிலில். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். "எதை விடலாம்" என்பதிலிருந்து ஆரம்பிப்பவர்கள் இருக்க வேண்டியதையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் மெயிலின் சென்ட் பெட்டியிலிருந்து பத்து வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். இலக்கணப் புத்தகத்து வாக்கியம் வேண்டாம். உங்கள் தவறுகள் உங்களுடையவை. அவைதான் வாராவாரம் திரும்பி வரும்.

ஒரு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி வேண்டும், போனில் இருந்தாலும் போதும். மாணவர்களுக்காகவே செய்த அகராதி என்றால் ஒரு வினைச்சொல் நேராகச் செயப்படுபொருளை எடுக்குமா, நடுவில் ப்ரெபொசிஷன் கேட்குமா என்று உதாரண வாக்கியத்தோடு காட்டும். வெறும் பொருள் மட்டும் தரும் அகராதி இந்த வேலைக்கு உதவாது.

அப்புறம் ஒரு பென்சில். பத்து வாக்கியத்திலும் இருக்கிற எல்லா ஆன், இன், அட், டு, ஃபார், ஆஃப், அபவுட், வித், ஃப்ரம் ஆகியவற்றையும் வட்டம் போடுங்கள். ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் தருகிறேன், வாய்விட்டுப் படியுங்கள். கண் தாண்டிப் போவதைக் காது பிடிக்கும்.

"ஆப்பில் போட்டால் அதுவே திருத்திவிடுமே" என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் சொல்வார். திருத்தும்தான். ஆனால் நீங்கள் வெள்ளிக்கிழமையைச் சொன்னீர்களா, வெள்ளிக்கிழமைக்குள் என்று சொன்னீர்களா என்பது அதற்குத் தெரியாது. எட்டாவது படியில் அதைப் பார்ப்போம்.

2. முதலில், விழுங்கிய வினைகளைப் பிடியுங்கள்

ஆங்கிலத்தில் சில வினைகள் தங்களுக்கு வேண்டிய ப்ரெபொசிஷனை உள்ளேயே விழுங்கி வைத்திருக்கின்றன. 'டாக்' என்றால் 'அபவுட்' தனியாக வேண்டும். 'டிஸ்கஸ்' என்றால் 'டாக் அபவுட்' இரண்டும் அதற்குள்ளேயே இருக்கிறது. 'வி டிஸ்கஸ்ட் அபவுட் த ரேட்' என்று எழுதினால் அபவுட் இரண்டு முறை வந்த மாதிரி. 'வி டிஸ்கஸ்ட் த ரேட்' போதும்.

இப்படி ஜோடி ஜோடியாக நினைவில் வைத்தால் மறக்காது. 'ஆஸ்க் ஃபார்' இரண்டும் சேர்ந்து 'ரிக்வெஸ்ட்'. 'கெட் டு' சேர்ந்து 'ரீச்'. 'கோ இன்டு' சேர்ந்து 'என்டர்'. 'வெயிட் ஃபார்' சேர்ந்து 'அவெய்ட்'. 'கெட் இன் டச் வித்' மொத்தமும் 'கான்டாக்ட்'. 'கன்சிஸ்ட்' என்றால் 'ஆஃப்' வேண்டும். 'கம்ப்ரைஸ்' என்றால் வேண்டாம்.

ஆகவே 'ரீச்ட் டு தாதர்' இல்லை, 'ரீச்ட் தாதர்'. 'மேரீட் வித் ஹர்' இல்லை, 'மேரீட் ஹர்'. 'எம்ஃபசைஸ் ஆன்', 'டிஸ்க்ரைப் அபவுட்', 'மென்ஷன் அபவுட்' எல்லாவற்றிலும் பின்னால் இருக்கிற குட்டிச் சொல்லை அடித்துவிடலாம்.

இந்தத் தவறு வருவதற்குக் காரணம் தமிழ்தான். 'ரேட்டைப் பற்றி' என்று மனம் சொல்கிறது, கை 'அபவுட்' எழுதுகிறது. 'தாதருக்கு வந்து சேர்ந்தேன்' என்பதில் இருக்கிற 'கு' போய் 'டு' ஆகிறது. மும்பையில் பக்கத்து சீட்டில் இருப்பவர் இந்தி பேசினாலும் மராத்தி பேசினாலும் அவருக்கும் இதே சிக்கல்தான். சுற்றி எல்லோரும் 'டிஸ்கஸ் அபவுட்' என்று சொல்வதால் காதுக்கும் அது பழகிவிடுகிறது. அதனால் இந்த ஒரு படிக்கு மட்டும் காதை நம்பாதீர்கள், அகராதியைப் பாருங்கள்.

இரண்டு விதிவிலக்குகள் அலுவலகத்தில் அடிக்கடி வரும். 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' சரி, ஏனென்றால் ஒப்பந்தம் என்பது நுழையும் அறை அல்ல. 'அட்டெண்ட் டு த கஸ்டமர்' சரி, அங்கே பொருள் 'கவனித்துக்கொள்' என்பது. மீட்டிங்குக்குப் போனதைச் சொல்ல வெறும் 'அட்டெண்டட் த மீட்டிங்'.

3. பெயர்ச்சொல் ஆனதும் திரும்பி வரும்

முந்தைய படியைக் கற்ற மறுவாரம் எல்லோரும் செய்கிற தவறு இது. 'ரிக்வெஸ்ட்' பின்னால் 'ஃபார்' வராது என்று மனப்பாடம் செய்துவிட்டு, 'யுவர் ரிக்வெஸ்ட் எக்ஸ்ட்ரா டைம்' என்று எழுதிவிடுவார்கள்.

வினையாக இருக்கும்போது விழுங்கியதைப் பெயர்ச்சொல் ஆனதும் கக்கிவிடும். 'வி ரிக்வெஸ்டட் எக்ஸ்ட்ரா டைம்', ஆனால் 'அவர் ரிக்வெஸ்ட் ஃபார் எக்ஸ்ட்ரா டைம்'. 'வி ஆர்டர்ட் 200 கார்ட்டன்ஸ்', ஆனால் 'வி பிளேஸ்ட் அன் ஆர்டர் ஃபார் 200 கார்ட்டன்ஸ்'. 'ஆன்ஸர் த கொஸ்சன்', ஆனால் 'த ஆன்ஸர் டு த கொஸ்சன்'. சொல்லுக்கு முன்னால் 'ஏ', 'தி', 'அவர்', 'யுவர்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெயர்ச்சொல். குட்டிச் சொல்லைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

4. நேரம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

நேரம் சொல்லும் சொற்களை மூன்று கூடைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கூடை, கட்டாயம் விட வேண்டியவை. 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' என்று ஆரம்பித்தால் முன்னால் ஆன், இன், அட் எதுவும் வராது. 'ஐ வில் கம் நெக்ஸ்ட் மண்டே', 'ஹி கால்ட் லாஸ்ட் நைட்', 'வி ஷிப் எவ்ரி வீக்'. 'ஆன் நெக்ஸ்ட் மண்டே', 'இன் திஸ் மார்னிங்' தவறு. 'டுமாரோ', 'யெஸ்டர்டே', 'டுநைட்' ஆகியவையும் இதே ரகம். எந்த நாள் என்று இந்தச் சொல்லே சுட்டிவிடுகிறது. வேறு கொக்கி வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: முன்னால் 'த' வந்து, பின்னால் 'ஆஃப்' வந்தால் கதை மாறும். 'இன் த லாஸ்ட் வீக் ஆஃப் மார்ச்' என்பதில் 'இன்' இருக்க வேண்டும். அது போன வாரம் அல்ல, மார்ச்சின் கடைசி வாரம்.

இரண்டாம் கூடை, விடவே கூடாதவை. கடிகார நேரம், மாதம், வருடம், 'மார்னிங்', 'ஈவ்னிங்', 'நைட்'. தமிழில் 'காலையில்' என்றும் சொல்கிறோம், வெறுமே 'காலை வந்தேன்' என்றும் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'ஐ கேம் மார்னிங்' என்று வந்துவிடுகிறது. 'ஐ கேம் இன் த மார்னிங்' என்றே எழுத வேண்டும். 'ஐ ஜாயின்ட் 2019' என்பதும் அப்படியே, 'இன் 2019'. ஆனால் 'டுமாரோ மார்னிங்' என்றால் எதுவும் வேண்டாம், 'டுமாரோ' முதல் கூடைச் சொல் என்பதால். கேள்வியில் மட்டும் ஒரு சலுகை: 'அட் வாட் டைம் டஸ் இட் லீவ்?' என்றும் கேட்கலாம், ஆனால் 'வாட் டைம் டஸ் இட் லீவ்?' என்பதே இயல்பு.

மூன்றாம் கூடை, ஊருக்கு ஊர் மாறுபவை. 'ஐ வில் கால் யூ ஆன் மண்டே' எங்கும் சரி. 'ஐ வில் கால் யூ மண்டே' என்பது அமெரிக்க வழக்கில் சாதாரணம். பிரிட்டிஷ் பாணி எழுத்தில் அரைகுறையாகத் தெரியும். என் யோசனை, எழுத்தில் 'ஆன்' போடுங்கள். போட்டதற்காக யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கால அளவுக்கு வரும் 'ஃபார்' இன்னும் சுவாரசியமானது. 'ஐ வெயிட்டட் ஃபார் டூ அவர்ஸ்', 'ஐ வெயிட்டட் டூ அவர்ஸ்' இரண்டும் சரி. 'வெயிட்', 'ஸ்டே', 'லிவ்', 'லாஸ்ட்' போன்ற, நீடிப்பதைச் சொல்லும் வினைகளுக்குப் பின்னால் இந்தச் சலுகை உண்டு. ஆனால் எதிர்மறை வாக்கியத்தில் கிடையாது. 'ஐ ஹாவ் நாட் சீன் ஹிம் ஃபார் டூ இயர்ஸ்' என்பதில் 'ஃபார்' போனால் வாக்கியம் நொண்டும். வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கால அளவைக் கொண்டுபோனாலும் 'ஃபார்' வேண்டும். 'ஆல் டே', 'ஆல் நைட்' முன்னால் எப்போதும் வராது.

'சின்ஸ் டென் இயர்ஸ்' என்று எழுதுகிறவர்களுக்கு: அங்கே தேவை 'ஃபார்'. 'சின்ஸ்' ஒரு தொடக்கப் புள்ளியைக் கேட்கும், 'சின்ஸ் 2015' மாதிரி.

5. இடம்

'ஹோம்', 'ஹியர்', 'தேர்', 'அப்ராட்', 'அப்ஸ்டேர்ஸ்', 'டவுன்ஸ்டேர்ஸ்'. இவற்றுக்கு முன்னால் 'டு' வராது, ஏனென்றால் 'வீட்டுக்கு', 'இங்கே', 'வெளிநாட்டுக்கு' என்று திசையும் சேர்ந்தேதான் இந்தச் சொற்கள் நிற்கின்றன. 'கோ ஹோம்', 'கம் ஹியர்', 'வென்ட் அப்ராட்'. 'வென்ட் டு ஃபாரின்' நம் ஊர்க் கண்டுபிடிப்பு.

'ஹோம்' முன்னால் 'மை' வந்துவிட்டால் அது சாதாரணப் பெயர்ச்சொல். 'கம் டு மை ஹோம்' என்று 'டு' திரும்ப வரும். மூன்றாவது படியில் பார்த்த அதே குணம்தான்.

ஊர்ப் பெயருக்கு எந்தச் சலுகையும் இல்லை. 'தாதர் போறேன்' தமிழில் சரி. 'ஐ ஆம் கோயிங் தாதர்' ஆங்கிலத்தில் இல்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதை 'வேற்றுமைத் தொகை' என்று சொன்னால் பளிச்சென்று புரிகிறது: 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' மறைந்திருப்பது மாதிரி நம் மொழி உருபைத் தாராளமாக மறைக்கும். ஆங்கிலம் அவ்வளவு தாராளம் இல்லை.

'நியர் டு சயான் ஸ்டேஷன்' வேண்டாம், 'நியர் சயான் ஸ்டேஷன்'.

6. 'தட்' வந்தால் விடு, 'இங்' வந்தால் யோசி

'வி ஆர் அவேர் ஆஃப் த டிலே' சரி. அதையே வாக்கியமாக விரித்தால் 'வி ஆர் அவேர் தட் த ஷிப்மென்ட் இஸ் டிலேட்'. 'தட்' என்று தொடங்கும் துணை வாக்கியத்துக்கு முன்னால் 'ஆஃப்' நிற்காது. 'இன்ஸிஸ்ட் ஆன் கேஷ்', ஆனால் 'இன்ஸிஸ்ட் தட் வி பே இன் கேஷ்'. இது விதி, விருப்பம் இல்லை.

'இங்' விஷயத்தில் விருப்பம் உண்டு. 'பிஸி பேக்கிங்', 'ஸ்பென்ட் த்ரீ அவர்ஸ் செக்கிங்' என்று 'இன்' இல்லாமல் எழுதுவதே இயல்பு. 'டிஃபிகல்ட்டி இன் ஃபைண்டிங்', 'டிஃபிகல்ட்டி ஃபைண்டிங்' இரண்டும் நடக்கும். 'ஸ்டாப்ட் ஹிம் ஃப்ரம் கோயிங்' என்பதில் பிரிட்டிஷ்காரர்கள் 'ஃப்ரம்' விடுவதுண்டு.

ஆனால் 'கெப்ட் ஹிம் ஃப்ரம் கோயிங்' என்பதில் விட்டுப் பாருங்கள். 'ஃப்ரம்' இருந்தால் போகவிடாமல் தடுத்தான். 'கெப்ட் ஹிம் கோயிங்' என்றால் தொடர்ந்து போக வைத்தான். ஒரு குட்டிச் சொல் போனதில் பொருள் நேர் எதிராகத் திரும்பிவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது.

கடிதக் கடைசியில் வரும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதில் 'டு' நகராது.

7. உங்கள் விருப்பத்துக்கு விட்டவை

'ஆல் ஆஃப் த பாக்ஸஸ்', 'ஆல் த பாக்ஸஸ்' இரண்டும் சரி. 'போத்', 'ஹாஃப்' இரண்டுக்கும் அப்படியே. பின்னால் 'அஸ்', 'தெம்' மாதிரிச் சொல் வந்தால் 'ஆஃப்' வேண்டும்: 'ஆல் ஆஃப் தெம்'. 'சம் ஆஃப் த பாக்ஸஸ்' என்பதில் எப்போதும் வேண்டும்.

'ட்வைஸ் இன் எ டே' என்பதைவிட 'ட்வைஸ் எ டே' நன்றாக ஓடும். 'எ டஜன் ஆஃப் எக்ஸ்' வேண்டாம், 'எ டஜன் எக்ஸ்'. பட்டியலில் ஒரே ப்ரெபொசிஷனை ஒரு முறை சொன்னால் போதும்: 'டு துபாய், கொழும்பு அண்ட் ஜெத்தா'. இரண்டு வேறு ப்ரெபொசிஷன் வேண்டுமானால் இரண்டையும் எழுத வேண்டும்.

8. விட்டால் பணம் போகும் இடங்கள்

ஒரு சோதனை: குட்டிச் சொல்லை மறைத்துவிட்டு, மீதி வாக்கியத்திலிருந்து அதை ஊகிக்க முடிகிறதா? ஒரே ஒரு சொல்தான் பொருந்தும் என்றால் விடுவதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டு சொற்கள் பொருந்தினால் கை வைக்காதீர்கள்.

இதை நான் கற்ற விதம் கொஞ்சம் செலவு பிடித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளருக்குக் கட்டணக் குறைப்பைச் சொல்லி மெயில் எழுதினேன். கன்டெய்னருக்கு 500 டாலராக இருந்தது 300 ஆகியிருந்தது. சுருக்கமாக எழுதுகிற பெருமையில் 'ஃபிரெய்ட் ரெடியூஸ்ட் 300 டாலர்ஸ்' என்று போட்டேன். 'ரெடியூஸ்ட் டு 300' என்பது என் மனதில். அவர் படித்தது 'ரெடியூஸ்ட் பை 300'. 500-இல் 300 போனால் 200. அவர் படித்ததில் தப்பே இல்லை, ஏனென்றால் 'ரெடியூஸ்ட்', 'இன்க்ரீஸ்ட்' பின்னால் ஆங்கிலத்தில் விடக்கூடியது 'பை' மட்டும்தான், 'டு' அல்ல. கன்டெய்னருக்கு 100 டாலர் வித்தியாசத்தை எங்கள் ஆபீஸ்தான் ஏற்றது. மேனேஜர் அந்த மெயிலை அச்செடுத்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நாள் விஷயத்திலும் இதே ஆபத்து. 'சென்ட் த டாக்குமென்ட்ஸ் ஃப்ரைடே' என்றால் அமெரிக்கர் 'ஆன் ஃப்ரைடே' என்று எடுத்துக்கொள்வார். நீங்கள் நினைத்தது 'வெள்ளிக்குள்' என்றால் 'பை ஃப்ரைடே' என்று எழுதியே ஆக வேண்டும். 'வெள்ளி வரை' என்றால் 'அன்ட்டில்'. இந்த மூன்றில் 'ஆன்' மட்டும்தான் மறைந்து நிற்கும்; 'பை', 'அன்ட்டில்' இரண்டும் மறைய முடியாது.

'லிசன் டு மீ', 'வெயிட் ஃபார் மீ', 'எக்ஸ்ப்ளெய்ன் டு மீ' ஆகியவற்றையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். 'டெல் மீ' சரியாக இருப்பதால் 'எக்ஸ்ப்ளெய்ன் மீ'யும் சரி என்று நினைக்கிறோம். 'டெல்' விழுங்கிய வினை, 'எக்ஸ்ப்ளெய்ன்' அதை விழுங்கவில்லை.

9. வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

'உட்கார நாற்காலி', 'எழுதப் பேனா' என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'எ சேர் டு சிட் ஆன்', 'எ பென் டு ரைட் வித்' என்று வாலில் ஒன்று தொங்க வேண்டும். 'த பெர்சன் ஐ ஸ்போக் டு' என்பதிலும் அந்த 'டு' வேண்டும். சரிபார்க்க, வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: 'ஐ ஸ்போக் டு த பெர்சன்'. திருப்பியதில் இருந்தால் வாலிலும் இருக்கும். 'த ரேட் வி டிஸ்கஸ்ட்' என்பதில் வால் இல்லை. ஏன் என்று இரண்டாவது படி படித்தவர்களுக்குத் தெரியும். 'எ பிளேஸ் டு லிவ்' மட்டும் 'இன்' இல்லாமலே நிற்கும், 'பிளேஸ்' என்ற சொல்லுக்கு அந்தச் சலுகை.

10. ஒரு மெயிலை முழுசாகச் சரிபார்த்தல்

போன மாதம் வகுப்புக்கு ஒரு பெண் கொண்டு வந்த மெயில் இது. "அண்ணே, ரொம்ப நீளமா இருக்கு, எதையெல்லாம் எடுக்கலாம்?" என்று கேட்டாள்.

'வி டிஸ்கஸ்ட் அபவுட் யுவர் ஷிப்மென்ட் ஆன் லாஸ்ட் ஃப்ரைடே. ப்ளீஸ் சென்ட் த பேக்கிங் லிஸ்ட் வெட்னஸ்டே. அவர் டிரைவர் வில் ரீச் டு யுவர் கோடவுன் மார்னிங். வெயிட்டிங் யுவர் ரிப்ளை.'

வரிசைப்படி போனோம். விழுங்கிய வினைகள்: 'அபவுட்' போனது, 'ரீச்' பின்னால் 'டு' போனது. நேரம், முதல் கூடை: 'லாஸ்ட் ஃப்ரைடே' முன்னால் 'ஆன்' போனது. இரண்டாம் கூடை: 'மார்னிங்' தனியாக நிற்காது. "எந்த நாள் காலையில?" என்று கேட்டேன். வியாழன் என்றாள். 'ஆன் தர்ஸ்டே மார்னிங்' ஆனது.

அடுத்து 'வெட்னஸ்டே'. "புதன்கிழமை அன்னைக்கா, புதனுக்குள்ளயா?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "செவ்வாய்க்கே வந்தாலும் நல்லதுதானே." அப்படியானால் 'பை வெட்னஸ்டே'. கடைசி வரியில் 'வெயிட்டிங்' எதையும் விழுங்காத வினை, 'ஃபார்' சேர்ந்தது.

மூன்று போய் மூன்று வந்தது. வியாழக்கிழமையும் சேர்ந்ததில் மெயில் முன்னைவிடக் கொஞ்சம் நீண்டேதான் போனது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, 'பை' என்ற சொல்லை மட்டும் பென்சிலால் இரண்டு முறை வட்டம் போட்டாள்.